வீட்டுக் குளத்தில் வேண்டாத மீன்கள்: நஞ்சு ஊற்றாமல் என்ன செய்யலாம்?

பெகு வயல்வீடு (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். பர்மாவில் பெகு நகரத்துக்குத் தெற்கே நெல்வயல்களுக்கு நடுவே எங்கள் வீடு இருக்கிறது. வீட்டு மேடையை உயர்த்துவதற்காகத் தாத்தா மண்ணெடுத்த பள்ளத்தை அப்பா அகலப்படுத்திக் குளமாக்கினார். நீளம் 60 அடி, அகலம் 40 அடி. மழைக்காலம் முடிகிற ஐப்பசியில் சராசரி ஆழம் 4 அடி இருக்கும்; பங்குனியில் அது பாதியாக வற்றிவிடும்.

போன ஆனி மாதம், இங்கே ஙமிச்சின் என்று விற்கிற ரோகுக் குஞ்சுகள் 300 வாங்கி விட்டோம். ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. மாசி மாதம் வலை இழுத்தபோது ரோகு 41 மட்டுமே வந்தன. அவையும் மெலிந்திருந்தன. மாறாக, உள்ளங்கை அளவுகூட இல்லாத ஜிலேபி மீன்கள் வலை கொள்ளாமல் வந்தன. அவற்றோடு ஐந்து விரால்கள் வந்தன. அவற்றில் ஒன்று என் முழங்கையிலிருந்து விரல் நுனிவரை நீளம் இருந்தது. ஜிலேபியையும் விராலையும் நாங்கள் ஒருபோதும் விடவில்லை. பெயர் தெரியாத சிறு கெண்டைகளும் நிறைய உண்டு.

எங்கள் இரண்டு மாடுகளும் இந்தக் குளத்தில்தான் தண்ணீர் குடிக்கின்றன. கத்தரி, வெண்டைக்கும் இதே நீர்தான். அடுத்த வயல்காரர், நெல்லுக்கு அடிக்கும் பூச்சிமருந்தில் ஒரு புட்டி ஊற்றினால் ஒரே இரவில் எல்லாம் மிதந்துவிடும், அதன்பின் புதிதாகக் குஞ்சு விடலாம் என்கிறார். அம்மா அதற்குக் கண்டிப்பாகச் சம்மதிக்கவில்லை. நஞ்சில்லாமல் இந்த மீன்களை ஒழிக்க வழி உண்டா? மழை தொடங்குவதற்குள் முடித்துவிட வேண்டும் என்பதே என் எண்ணம்.

துவான்டே கரைக்காரர்

தம்பிக்கு வணக்கம். அம்மா சொல்வதே சரி. வயல் மருந்து மீனோடு நிற்காது. சேற்றில் தங்கும், மாட்டின் வயிற்றுக்குப் போகும், செத்து மிதக்கிற மீனை யாராவது எடுத்துச் சமைத்தால் மனிதர் வயிற்றுக்கும் போகும். முதல் மழையில் குளம் வழிந்தால் வாய்க்காலும் கெடும். நஞ்சையும் வெடியையும் கொண்டு மீன் பிடிப்பதை 1991ஆம் ஆண்டின் நன்னீர் மீன்வளச் சட்டம் தடுக்கிறது. குளம் உங்களுடையதாக இருக்கலாம். வழிந்தோடுகிற நீர் உங்களுடையது அல்ல. பாட்டரியை வைத்து மின்சாரம் பாய்ச்சலாம் என்றும் யாராவது சொல்லக்கூடும். ஈரக் கரையில் நின்றுகொண்டு அதைச் செய்பவருடைய உயிருக்கே ஆபத்து.

இப்போது உங்கள் குளத்தைப் பார்ப்போம். உங்களுக்கு வந்திருப்பது ஒரே தொல்லை அல்ல, இரண்டு. ரோகுக் குஞ்சுகள் காணாமல் போனதற்குப் பெரும்பாலும் விரால்தான் காரணம்; சுண்டுவிரல் நீளமில்லாத குஞ்சு அதற்கு ஒரு வாய்க்குக்கூடக் காணாது. மிஞ்சிய ரோகு மெலிந்ததற்கு ஜிலேபிதான் காரணம். நீங்கள் போட்ட தவிட்டையும் பிண்ணாக்கையும் தின்றது அதுதான். சிறு குளத்து ஜிலேபி மூன்று மாத வயதிலேயே முட்டையிடத் தொடங்கிவிடும். தாய் முட்டையையும் குஞ்சையும் வாயில் வைத்துக் காப்பதால் பிழைக்கிறவை அதிகம். தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும்வரை நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை மறுபடி முட்டையிடும். இரை போதாமல் எல்லாமே குட்டையாக நின்றுவிடும். ஆகவே நீங்கள் கண்ட உள்ளங்கை அளவு மீன்களைக் குஞ்சுகள் என்று எண்ண வேண்டாம். அவற்றில் பலவும் தாய்மீன்களே.

வலையால் மட்டும் ஜிலேபியை ஒழித்தவரை நான் கண்டதில்லை. நூறு தாய்மீனைப் பிடித்துவிட்டு நான்கை விட்டுவிட்டால், ஆவணிக்குள் குளம் பழையபடி ஆகிவிடும். உப்புப் போடச் சொல்பவர்களின் பேச்சையும் கேட்க வேண்டாம். ஜிலேபி உவர்நீரிலும் வாழும், கெடுவது உங்கள் கத்தரியும் வெண்டையும்தான். குளத்தைக் காயவிடுவதே வழி. நம் நாட்டில் பங்குனியும் சித்திரையும் இதற்கென்றே வாய்த்த மாதங்கள். பாதி வற்றிய குளத்தில் மீதி நீரைப் பம்பு வைத்து இறைத்து, மீனையெல்லாம் பொறுக்கி, அடிமண் வெடிக்கும்வரை வெயிலில் விட வேண்டும்.

நீர் வடிந்ததும் அடிமண்ணில் தட்டுப்போல வட்ட வட்டமாகக் குழிகள் தெரியும். ஆண் ஜிலேபி முட்டையிடுவதற்காகத் தோண்டிய இடங்கள் அவை. அந்தக் குழிகளில் தேங்கியிருக்கும் நான்கு விரல் நீரில்கூட ஜிலேபிக் குஞ்சு பல நாள் உயிரோடிருக்கும். ஒரு குழியையும் விடாமல் வடித்துவிடுங்கள். விரால், கெளுத்தி, பனையேறிக் கெண்டை, தேளி ஆகியவை காற்றைச் சுவாசிப்பவை. நீர் போனாலும் சாகா. விரால் சேற்றுக்குள் புதைந்து மழையை எதிர்பார்த்துக் கிடக்கும். மண் லேசாக இறுகும் மூன்றாம் நான்காம் நாளில் காலை வெயில் சாய்வாக விழும்போது குளத்துக்குள் நடந்து பாருங்கள். சுற்றிலும் காய்ந்திருக்க, ஓரிடத்தில் மட்டும் காசளவு துளையும் அதைச் சுற்றி ஈரமும் தெரியும். அங்கே மண்வெட்டி போட்டால் பெரும்பாலும் விராலோ சேற்று விலாங்கோ இருக்கும். சேற்று விலாங்கு கரையையும் துளைக்கும். குளத்து நீர் காரணமில்லாமல் வற்றினால் முதலில் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

தட்டோன் அடுக்களைக் குளம்

பெரியவர் சொன்னது அனைத்தையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குளத்தைக் காயவிட முடியாதவர்களும் இந்த இழையைப் படிப்பார்கள் என்பதால் எழுதுகிறேன். எங்கள் குளத்தில் அடி ஊற்று உண்டு. இரண்டு பம்பு வைத்தாலும் முழங்கால் அளவு நீர் நின்றுகொண்டே இருக்கும். ஆறு ஆண்டுகளாக வலையையும் பறியையும் வைத்துத்தான் சமாளித்து வருகிறோம். ஜிலேபி முற்றிலும் ஒழியவில்லை என்பது உண்மையே. ஆனால் தொல்லை அளவோடு நிற்கிறது.

விராலைக் குறைக்க எனக்குக் கைகொடுத்தது அதன் பிள்ளைப்பாசம். மழைக்காலத் தொடக்கத்தில் காலையில் கரையோரப் புல்லருகே பாருங்கள். நீரின் மேல்மட்டத்தில் சோற்றுத் தட்டு அகலத்துக்குச் செம்மஞ்சளாக ஒரு கூட்டம் துடித்துக்கொண்டிருக்கும். நூற்றுக்கணக்கான விரால் குஞ்சுகள் ஒன்றாய்த் திரியும் கூட்டம் அது. அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். கொசுவலைத் துணியில் தைத்த கைவலையை அடியிலிருந்து மெல்லத் தூக்கினால் கூட்டம் முழுவதும் வந்துவிடும். காவல் மீன்கள் அந்த இடத்தை விட்டு எளிதில் போகா என்பதால் வீச்சு வலையோ தூண்டிலோ அங்கேயே போடலாம். பத்து நிமிட வேலைதான். தவறவிட்டால் ஆண்டு முழுவதும் அதற்கான விலையைக் கொடுக்க வேண்டியிருக்கும்.

ஜிலேபிக்கு ம்யோன் என்று இங்கே சொல்லும் மூங்கில் பறியில் தவிட்டு உருண்டை வைத்து, வாரம் இருமுறை எடுக்கிறோம். பெரிது சிறிது என்று பார்த்து எதையும் திரும்ப விடுவதில்லை.

ஒரு எச்சரிக்கை. சேற்றில் கைவிடும்போது தேளி மீன் இருக்கக்கூடும். அதன் பக்கத்து முள் குத்தினால் நஞ்சேறிக் கை முழுவதும் கடுகடுக்கும். என் மகனுக்கு ஒருமுறை குத்தியபோது, தோல் வெந்துவிடாத, பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் கையை வைத்திருந்ததும் வலி தணிந்தது. அந்த நஞ்சு சூட்டில் கெடக்கூடியது. வலி தணியாவிட்டாலும் வீக்கம் ஏறினாலும் மருத்துவரிடம் போய்விட வேண்டும். சேற்றில் இறங்குகிற எல்லாரும் தடித்த கையுறை போட்டுக்கொள்ளட்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விராலை வேண்டாத மீன் என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் ஊர்ச் சந்தையில் ரோகுவைவிட விராலுக்கு நல்ல விலை. பிள்ளை பெற்றவளுக்கும் நோயிலிருந்து எழுந்தவருக்கும் விரால் குழம்பு வைத்துக் கொடுப்பது நம் வீடுகளில் இன்னும் இருக்கிற வழக்கம். இருக்கக்கூடாத நேரத்தில் இருப்பதுதான் அதன் குற்றம். ரோகு ஒரு சாண் வளர்ந்தபின் ஐந்தாறு சிறு விரால்களை விட்டால், அவை ரோகுவைத் தொட முடியாது. ஜிலேபிக் குஞ்சுகளைத் தின்று தீர்க்கும். விரால் தன் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு மீனை விழுங்கும் என்று கணக்கு வைத்துக்கொண்டு அளவு பாருங்கள்.

சிறு கெண்டைகளைப் பற்றிக் கவலை வேண்டாம். தலையும் கண்ணுமாக முழுதாய் உண்ணும் சிறுமீன் பிள்ளைகளுக்கு மிக நல்லது. நாங்கள் அவற்றைப் பிடிக்கிறோம், ஒழிக்க முனைவதில்லை.

பெகு வயல்வீடு

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. எங்கள் குளத்தில் ஊற்று இல்லை. ஆகவே காயவிடுவது என்று முடிவு செய்துவிட்டோம். இரண்டு ஐயங்கள் எஞ்சியிருக்கின்றன. சேற்றில் புதைந்தவற்றை முழுதும் பொறுக்க முடியாவிட்டால், ஊரில் எங்கள் தாத்தா காலத்தில் போட்டதாகச் சொல்லும் இலுப்பைப் பிண்ணாக்கு போன்ற ஒன்றை இடலாமா? அதுவும் நஞ்சுதானே என்று அம்மா கேட்கிறார். அடுத்து, நாங்கள் விடாத மீன் எப்படி உள்ளே வந்தது? மீன் முட்டையைக் கொக்கு கொண்டுவரும் என்கிறார் அப்பா.

குளத்துக் கணக்கு

மீன் வளர்ப்புப் பயிற்சி பெற்றவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

அம்மாவின் கேள்வி நியாயமானது. இலுப்பைப் பிண்ணாக்கிலும் தேயிலை விதைப் பிண்ணாக்கிலும் இருப்பது சாப்போனின். அது மீனின் செவுள் வழியாக இரத்தத்தில் கலந்து சிவப்பணுக்களைச் சிதைக்கிறது. அந்த வகையில் அதுவும் நஞ்சே. வயல் மருந்திலிருந்து அது வேறுபடுவது, சில வாரங்களில் தானாகச் சிதைந்து குளத்துக்கு உரமாகிவிடுவதில்தான். இந்திய மீன்வளக் கையேடுகள் இலுப்பைப் பிண்ணாக்கை ஒரு கன மீட்டர் நீருக்கு 250 கிராம் வரை இடச் சொல்கின்றன. உங்கள் குளம் 4 அடி நீரோடு நிறைந்திருந்தால் அது ஏறக்குறைய 272 கன மீட்டர். பிண்ணாக்கு 68 கிலோ, நம் பர்மியக் கணக்கில் 42 வீசை தேவை (ஒரு வீசை ஏறக்குறைய 1.63 கிலோ). நீரை 1 அடிக்கு இறக்கிவிட்டால் 17 கிலோ, பத்தரை வீசை போதும். கரை சரிவாக இருப்பதால் உண்மையில் இன்னும் குறையும். எதை இடுவதானாலும் முதலில் நீரை இறக்க வேண்டும் என்பது இதனால்தான். இட்டபின் மூன்று வாரம் மாடுகளை வேலி போட்டுத் தடுக்க வேண்டும். அந்த நீரை ஒரு குடம்கூட வாய்க்காலுக்கு விடக்கூடாது.

ஆனால் உங்கள் குளத்துக்கு இது தேவையில்லை என்பதே என் கருத்து. முழுதாகக் காயக்கூடிய குளத்துக்குச் சுட்ட சுண்ணாம்பு போதும். 10 சதுர மீட்டருக்கு 1 கிலோ என்று வைத்தால் உங்களுக்கு 22 கிலோ, ஏறக்குறைய 14 வீசை. அடிமண் ஈரமாக இருக்கும்போதே தூவுங்கள். தேங்கிய குட்டைகளிலும் துளைகளிலும் கூடுதலாகப் போடுங்கள். சுண்ணாம்பு கரையும்போது அந்த நீரின் காரம் மிகவும் ஏறி, ஒளிந்திருக்கும் மீனும் முட்டையும் அழியும். காற்றுக்கு முதுகு காட்டி நின்று, கண்ணாடியும் முகத்துணியும் அணிந்து தூவ வேண்டும். சுட்ட சுண்ணாம்பு கண்ணில் விழுந்தால் பார்வையே போகலாம். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடவே கூடாது. தூவி இரண்டு வாரம் கழித்து நீர் நிரப்பி, ஒரு சிறு வலைக்கூண்டில் ஐந்தாறு குஞ்சுகளை இரண்டு நாள் வைத்துப் பாருங்கள். அவை நன்றாக இருந்தால் மற்றவற்றை விடலாம்.

இனி, மீன் எப்படி வந்தது என்பது. கொக்கின்மேல் பழியைப் போடுவதற்குமுன் உங்கள் மடையைப் பாருங்கள். வயல் வாய்க்காலிலிருந்து நீர் எடுக்கிறீர்கள் என்றால், அதில் வருகிற குஞ்சு கொசு அளவே இருக்கும். சாதாரண வலைக்கண் அதைத் தடுக்காது. குழாய் வாயில் கொசுவலைத் துணியை இரட்டையாகப் பைபோல நீளமாகத் தைத்துக் கட்டுங்கள். தட்டையாகக் கட்டினால் ஒரே நாளில் பாசி அடைத்துக் கிழிந்துவிடும். பையாக இருந்தால் காலையில் அவிழ்த்து உதறிக் கட்டலாம். குஞ்சு விற்பவரின் பையிலும் கலப்பு வரலாம்; குளத்தில் கொட்டுவதற்குமுன் வெள்ளைத் தட்டில் ஊற்றிப் பாருங்கள். விராலும் பனையேறிக் கெண்டையும் மழை இரவில் ஈரத் தரைமேலேயே ஊர்ந்து வரும். அதற்குக் கரையைச் சுற்றி இரண்டடி உயரத்தில் நீல வலை கட்டி, அதன் அடியை மண்ணில் ஒரு சாண் புதைக்க வேண்டும்.

ஒன்றைத் தயங்காமல் சொல்கிறேன்: 300 குஞ்சு உங்கள் குளத்துக்கு அதிகம். 150 போதும். அவையும் நான்கு முதல் ஆறு அங்குலம் வளர்ந்தவையாக இருக்கட்டும். விலை கூடுதல்தான்; ஆனால் விராலுக்கு இரை வாங்கிப் போட்ட பணத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

துவான்டே கரைக்காரர்

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். நீங்கள் இறைக்கப்போகும் நேரம் பர்மியப் புத்தாண்டான திஞ்ஞான் திருவிழாவை ஒட்டி வருகிறது. வற்றும் குட்டைகளில் தவிக்கும் மீனை எடுத்து ஆற்றில் விடுவது இந்த நாட்டில் பெரும் புண்ணியம். நம் வீட்டாரும் சித்திரைப் பிறப்பன்று அதைச் செய்வதுண்டு. அந்த மனத்தை நான் மதிக்கிறேன். ஆனால் ஜிலேபியை மட்டும் ஆற்றிலோ ஏரியிலோ விட்டுவிடாதீர்கள். அது இந்த நாட்டு மீன் அல்ல. ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர் கொண்டுவந்தது. ஆப்பிரிக்கக் கெளுத்தியும் அப்படியே. அது தின்னாத குஞ்சு இல்லை. உயிர்விடுதலை செய்ய விரும்பினால் இந்த மண்ணின் விராலையும் கெளுத்தியையும் விடுங்கள். ஜிலேபியைக் குழம்பு வையுங்கள், கருவாடு போடுங்கள், பக்கத்து வீடுகளுக்குக் கொடுங்கள்.

பெகு வயல்வீடு

சித்திரை பிறந்து பத்து நாளாகிறது. நடந்ததைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். வாடகைப் பம்பு இரண்டு நாள் ஓடியது. நீரை வாய்க்காலுக்கு விடாமல், உறிஞ்சு குழாயில் கொசுவலைப் பை கட்டிக் காய்ந்த வயலுக்கே பாய்ச்சினோம். பெரியவர் சொன்ன தட்டுக் குழிகளை எண்ணினேன், 63 இருந்தன. ஜிலேபி மூன்று பெரிய கூடைகள். ஒரு கூடையை அண்டை வீடுகளுக்குக் கொடுத்தோம். பூச்சிமருந்து யோசனை சொன்ன வயல்காரரும் வாங்கிக்கொண்டார். மீதியை அம்மா கீறி உப்பிட்டுக் கூரைமேல் உலர்த்தியிருக்கிறார்.

நான்காம் நாள் காலை ஈரத் துளைகளைத் தேடிப் போனோம். ஒன்பது விரால்கள், சேற்று விலாங்கு இரண்டு. மூன்று விராலைப் பாட்டியின் விருப்பப்படி ஆற்றில் விட்டோம். சிறியவை இரண்டைத் தொட்டியில் வைத்திருக்கிறோம், ரோகு வளர்ந்தபின் விடலாம் என்று. மற்றவை விற்றுப் பம்பு வாடகை கட்டியாயிற்று.

மீன் உள்ளே வந்த வழியும் தெரிந்துவிட்டது. மேற்குக் கரையில் புல் மூடிய இடத்தில், தாத்தா காலத்து மண்குழாய் ஒன்று வயல் வாய்க்காலுக்கு நேராகத் திறந்து கிடந்தது. அப்பாவுக்கே அது நினைவில் இல்லை. உள்ளே கைவிட்டுப் பார்த்தபோது ஈரக் களிமண்ணோடு உயிருள்ள பனையேறிக் கெண்டை ஒன்று வந்தது. குழாயின் இரு வாயையும் களிமண் திணித்து அடைத்துவிட்டோம். நேற்றுச் சுண்ணாம்பு தூவியாயிற்று.